கடலூரில் வாசகர் வட்டம்: சரித்திர நாவல்களை எதில் தொடங்குவது, எந்த வரிசையில் படிப்பது?

மஞ்சக்குப்பம் வாசகி:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, வரும் ஆடியிலிருந்து மாதம் ஒருமுறை கூடி சரித்திர நாவல் பேசுவதாக முடிவு செய்திருக்கிறோம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர், குமுதத்தில் சாண்டில்யன் தொடர் படித்து வளர்ந்த பெரியவர்கள் நாலைந்து பேர், மீதிப் பேர் ‘பொன்னியின் செல்வன்’ படம் மட்டும் பார்த்தவர்கள். எல்லாரும் அதையே முதலில் எடுக்கலாம் என்கிறார்கள். ஐந்து பாகம் என்பதால் பாதி வழியில் ஆட்கள் கழன்றுகொள்வார்களோ என்று யோசனையாக இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: முதலில் எது? மாதத்துக்கு எவ்வளவு பக்கம் வைப்பது? கடையில் பத்து விதப் பதிப்பு கிடக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது? கடலூர், புதுச்சேரி மண்ணைத் தொட்டு எழுதிய நாவல்கள் இருந்தால் அவையும் வேண்டும். ஒரு வருஷத்துக்கான பட்டியல் போடவேண்டும்.

கெடிலக்கரை:

வணக்கம் அம்மா. உங்கள் யோசனை சரியானதுதான். ‘பொன்னியின் செல்வ’னில் ஆட்கள் கழலுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். முதலாவது இரண்டாம் பாகம் ‘சுழற்காற்று’. தஞ்சை, பழையாறை என்று சுற்றிக்கொண்டிருந்த கதை திடீரென்று ஈழத்துக்குப் போய்விடும், புதிதாகப் படிப்பவர்களுக்கு அங்கே பிடி நழுவும். இரண்டாவது ஐந்தாம் பாகம். பாகவாரியாக அத்தியாயக் கணக்கு 57, 53, 46, 46, 91. மாதம் ஒரு பாகம் என்று திட்டம் போடுகிறவர்கள் கடைசி பாகம் மற்றவற்றைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பதைக் கவனிப்பதில்லை. அதை 45, 46 என்று பிரித்து இரண்டு மாதத்துக்கு வையுங்கள். மொத்தம் ஆறு மாதம் ஆகும். ஒரு அத்தியாயத்தை உரக்கப் படித்தால் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம். தினம் இரண்டு அத்தியாயம் என்றால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் கட்டுப்படியாகும்.

ஆனால் முதல் மாதம் அதை எடுக்காதீர்கள். ‘பார்த்திபன் கனவு’ எடுங்கள். அதே கல்கி, அதே நடை, ஒரே புத்தகம், எழுபத்துச் சொச்சம் சின்னச் சின்ன அத்தியாயங்கள். ஒரு மாதத்தில் முடித்துவிட்டோம் என்ற நிறைவோடு முதல் கூட்டத்துக்கு வருவார்கள். பாதிப் புத்தகத்தோடு வரும் முதல் கூட்டம் இரண்டாவது கூட்டத்தைக் கெடுத்துவிடும்.

‘சிவகாமியின் சபதம்’ கதைக்காலப்படி முந்தியது, ஆகவே அதைத்தான் முதலில் படிக்கவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். மகேந்திரவர்மர் காலத்தில் தொடங்கி 642-இல் வாதாபி வீழ்ந்தது வரை அதில் வரும், ‘பார்த்திபன் கனவு’ அதற்குப் பிறகு. ஆனால் கல்கி எழுதியது ‘பார்த்திபன் கனவு’தான் முதலில். அதில் ஒரு பெரிய மர்மம் இருக்கிறது. ‘சிவகாமி’யைப் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு நரசிம்மவர்மரின் குணம் முன்பே அத்துப்படி, மர்மம் சீக்கிரம் உடைந்துவிடும். எழுதிய வரிசையில் படித்தால் இரண்டு புத்தகமும் முழுசாகக் கிடைக்கும்.

பதிப்பு விஷயம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அதனால்தான் கடையில் இத்தனை விதம். அட்டையையும் விலையையும் பார்த்து எடுக்காதீர்கள். ஐந்தாம் பாகத்தைக் கையில் எடுத்துக் கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். 91-ஆவது அத்தியாயம் ‘மலர் உதிர்ந்தது’ இருக்கவேண்டும், அதற்குப் பிறகு கல்கியின் ‘முடிவுரை’யும் இருக்கவேண்டும். கதைமாந்தர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று அவரே சொல்வது அங்கேதான். அது இல்லாத பதிப்பு வேண்டாம். ஒரே புத்தகமாக ஒல்லியாக வந்தால் பெரும்பாலும் சுருக்கப் பதிப்பு, உள்ளே முதல் பக்கத்தில் சின்ன எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிய தலையணைப் பதிப்பையும் தவிர்க்கலாம். எழுத்து பொடி, நடு முதுகு சீக்கிரம் பிளக்கும், பயணத்தில் தூக்கிப் போகவும் முடியாது. மணியம் வரைந்த பழைய ஓவியங்களோடு தனித்தனி ஐந்து பாகமாக வருவது கொஞ்சம் விலை கூட என்றாலும் வட்டத்துக்கு அதுதான் உகந்தது. ஒருவர் முடித்த பாகத்தை அடுத்தவர் வாங்கிக்கொள்ளலாம்.

பரங்கிப்பேட்டை டீச்சர்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பிள்ளைகளும் படம் மட்டும் பார்த்தவர்களும் தடுமாறுவதற்கு அதைவிடப் பெரிய காரணம் பெயர்கள். ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும். சுந்தர சோழர்தான் இரண்டாம் பராந்தகர். மதுராந்தகர் பின்னால் உத்தம சோழர். அருள்மொழிவர்மர் பின்னால் ராஜராஜர். முதல் அத்தியாயத்துக்கு முன்பே ஒரு சார்ட் அட்டையில் வம்ச வரிசையை எழுதி மாட்டிவிடுங்கள்: விஜயாலயன், அவர் மகன் ஆதித்தன், அவர் மகன் முதல் பராந்தகன். இங்கே ஒரு கோடு போட்டு மூன்று கிளை பிரியுங்கள். ராஜாதித்தர் (949-இல் தக்கோலப் போரில் இறந்தவர்), கண்டராதித்தர், அரிஞ்சயர். கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர் உத்தம சோழர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர், அவர் பிள்ளைகள் ஆதித்த கரிகாலன், குந்தவை, அருள்மொழி. இந்தக் கிளைப் பிரிவு புரிந்தால் கதையின் பாதிச் சிக்கல் தானாக அவிழும். அண்ணன் பிள்ளைக்குப் பட்டமா, தம்பி வழிக்குப் பட்டமா என்பதுதானே பழுவேட்டரையர்களின் சதிக்கே அடிப்படை.

இரண்டாவது சார்ட் ஒன்றும் போடுங்கள்: கல்வெட்டில் உள்ளவர்கள், கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். வந்தியத்தேவர் கல்வெட்டில் இருக்கிறார், குந்தவையின் கணவர் என்ற முறையில் தஞ்சைக் கல்வெட்டில் பெயர் வருகிறது. அநிருத்தப் பிரம்மராயர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். பழுவேட்டரையர்கள் பழுவூர்க் கல்வெட்டுகளில். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் மூவரும் கற்பனை. முதல் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிட்டால் “இது உண்மையா, அது உண்மையா” என்ற கேள்வியிலேயே நேரம் போகாது. படம் பார்த்தவர்களிடம் இன்னொன்றும் சொல்லவேண்டும். சம்புவரையர் மகள் மணிமேகலை படத்தில் இல்லை, நாவலில் மிக முக்கியமானவள். அவளை மேலோட்டமாகத் தள்ளிவிட்டுப் போனால் ஐந்தாம் பாகம் பிடிபடாது.

நம் மண்ணைத் தொட்டது எது என்று கேட்டிருந்தீர்கள். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதே நம் மாவட்டத்தில்தான். வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு நாளில் குதிரையில் வருவது வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது நம் வீராணம். சதியாலோசனை நடக்கும் கடம்பூர் மாளிகையின் ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கத்து மேலக்கடம்பூர். முதல் நாலு அத்தியாயம் முடிந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கிளம்பிச் சிதம்பரம் போய் அங்கிருந்து காட்டுமன்னார்கோயில் பஸ் பிடியுங்கள். லால்பேட்டைப் பக்கம் ஏரிக்கரையில் நின்றால் அந்த முதல் அத்தியாயத்தின் அளவு கண்ணுக்குத் தெரியும். மேட்டூர் தண்ணீர் வந்து ஏரி நிரம்பியிருக்கிறதா என்று முன்கூட்டி விசாரித்துக்கொள்ளுங்கள், வற்றிய ஏரியில் பிள்ளைகளுக்கு ஒன்றும் தோன்றாது.

அப்படியே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் பெயர் எழுதிய கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. ‘பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள்’ என்று சொல்லி சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் குறித்து, அவர்களையும் உறவினரையும் சேர்ந்த நிலம் பறிமுதலானதைப் பேசுகிறது. ரவிதாசனுக்குப் ‘பஞ்சவன் பிரம்மாதிராஜன்’ என்று பட்டம் வேறு. பஞ்சவன் என்றால் பாண்டியன். அந்த ஒரு பட்டத்திலிருந்து எவ்வளவு பெரிய சதியைக் கதையாக்கலாம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கால எழுத்தில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வித்தியாசமும் தெரியாது, நடுநடுவே வடமொழிச் சொல்லுக்கான கிரந்த எழுத்தும் வரும். ஆகவே அச்சான வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒரு வரியும் பிடிபடாது. இந்தக் கொலையில் உத்தம சோழருக்குப் பங்கு உண்டா என்பதில் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் எழுப்பினார், இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். பண்டாரத்தாரின் ‘பிற்காலச் சோழர் வரலாறு’ அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது, தமிழிலேயே தெளிவாக இருக்கும். ஐந்தாம் பாகம் முடிந்ததும் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பேசுங்கள். முன்னாலேயே கொடுத்தால் கதையின் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

‘சிவகாமியின் சபதம்’ எடுக்கும் வருஷம் வந்தால் அதற்கும் நம் ஊரில் இடம் உண்டு. அதில் வரும் திருநாவுக்கரசர் பிறந்தது பண்ருட்டிப் பக்கத்துத் திருவாமூர். சமணராகத் தருமசேனர் என்ற பெயரில் இருந்தது பாடலிபுத்திரத்தில், அதாவது நம் திருப்பாதிரிப்புலியூரில். அங்கிருந்த சமணப் பள்ளியை இடித்து மகேந்திரவர்மர் திருவதிகையில் குணபரவீச்சரம் கட்டினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. திருப்பாதிரிப்புலியூரில் குடியிருப்பவர்களுக்கு அந்த நாவல் வேறு மாதிரி படும்.

மஞ்சக்குப்பம் வாசகி:

டீச்சர், மிக்க நன்றி. சார்ட் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிடுகிறேன். இன்னும் இரண்டு கேள்வி. பெரியவர்கள் சாண்டில்யன் ஒன்றாவது வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள், அதில் எது எடுக்கலாம்? அவர்களில் இரண்டு பேருக்கு அச்செழுத்து படிக்கவே சிரமம், அதற்கு என்ன செய்வது?

முதுநகர்:

கண் பார்வைக்கு முதலில் சொல்கிறேன் அக்கா. கல்கியின் மூன்று சரித்திர நாவல்களும் தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. பிடிஎஃப் எடுக்காதீர்கள், அதில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். இணையப் பக்கமாகவோ மின்னூலாகவோ எடுத்தால் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானாக மடங்கும். டேப்லெட் இருந்தால் இன்னும் வசதி.

சாண்டில்யனில் ‘கடல் புறா’ மூன்று பாகம், ‘யவன ராணி’ இரண்டு பாகம், ‘ஜல தீபம்’ மூன்று பாகம். வட்டத்துக்கு இவை கனம். ‘கன்னி மாடம்’ ஒரே பாகம், பாண்டியர் வாரிசுப் போர்க் கதை, ஒரு மாதத்தில் முடியும். ‘மலை வாசல்’ ஸ்கந்தகுப்தர் காலத்து ஹூணர் படையெடுப்பு, அதுவும் ஒரே பாகம்தான். தமிழ்நாட்டு ராஜாக்களே வேண்டும் என்றால் ‘கன்னி மாடம்’.

பிள்ளைகள் இருப்பதால் ஒன்று. அவர் எழுத்தில் கப்பல், கோட்டை, வியூகம் பற்றிய பகுதிகள் வெகு நேர்த்தி. ஆனால் பெண்களை வர்ணிக்கும் இடம் பக்கம் பக்கமாகப் போகும், ஒன்பதாம் வகுப்புக்குப் பொருந்தாது. வாக்கியமும் நீளம், சில இடத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். அந்த மாதம் மட்டும் பிள்ளைகளுக்கு நா. பார்த்தசாரதியின் ‘கபாடபுரம்’ கொடுங்கள். இடைச்சங்க காலக் கற்பனை, சின்னப் புத்தகம்.

‘கடல் புறா’ எப்போதாவது எடுத்தால் ஒரு குழப்பம் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அதை ராஜேந்திர சோழரின் கடாரப் படையெடுப்பு என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ராஜேந்திரர் கடாரம் கொண்டது 1025. ‘கடல் புறா’ அதற்கு நாற்பது வருஷம் தள்ளி, வீரராஜேந்திரர் காலம். அதில் வரும் அநபாயர் 1070-இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கர். நாயகன் கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்துப்பரணியில் வரும் அதே படைத்தலைவர். ராஜேந்திரர் கதை வேண்டும் என்றால் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, 1963-இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கியது.

‘யவன ராணி’ படிக்கிறவர்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களைப் பார்த்துவிட்டு வரட்டும். 1945-இல் தொல்லியலாளர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மது ஜாடித் துண்டுகளும் இத்தாலியப் பானை ஓடுகளும்தான் அந்தக் கடற்கரைக்கு யவனர் சரக்கு வந்ததற்குக் கையில் பிடிக்கும் சாட்சி.

வில்லியனூர்க்காரன்:

எல்லாரும் ராஜா ராணியிலேயே நிற்கிறீர்களே, கடலூர்–புதுச்சேரி என்று கேட்டவருக்குப் பிரபஞ்சனைச் சொல்லாமல் எப்படி? ‘மானுடம் வெல்லும்’, அதைத் தொடர்ந்து ‘வானம் வசப்படும்’. இரண்டாவதற்கு 1995-இல் சாகித்திய அகாதெமி கிடைத்தது. முதலாவதில் புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்மா காலம், இரண்டாவதில் அவருக்குப் பின் வந்த கவர்னர் துய்ப்ளெக்ஸ். இந்த வரிசை மாறக்கூடாது. பரிசு வாங்கியது என்பதால் பலர் இரண்டாவதை முதலில் எடுத்து, யார் யார் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

இவற்றின் வேர், துய்ப்ளெக்ஸிடம் துபாசியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் தினப்படிச் சேதிக்குறிப்பு, அதாவது நாட்குறிப்பு. 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை எழுதினார். புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுவதற்குச் சில நாள் முன்பு, 1761 ஜனவரியில் இறந்தார். அரசர்களின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டில் வரும் புகழுரை) சொல்லாத சங்கதியெல்லாம் அதில் இருக்கும். கப்பலில் என்ன சரக்கு வந்தது, எந்த வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி, கவர்னர் துரையின் மனைவி யாருக்குச் சிபாரிசு செய்தாள், சாவடியில் என்ன தீர்ப்பு என்று. நாவலில் சாதாரண ஜனங்கள் இவ்வளவு உயிரோடு நடமாடுவதற்கு அதுதான் காரணம் என்பேன்.

கடலூர்க்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. 1746 செப்டம்பரில் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானதும் ஆங்கிலேயர் தலைமையிடம் உங்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு வந்துவிட்டது, 1752 வரை அங்கேதான் இருந்தது. துய்ப்ளெக்ஸ் பல தடவை முயன்றும் அதைப் பிடிக்க முடியவில்லை. 1748-இல் ஆங்கிலேயர் திருப்பிப் புதுச்சேரியை முற்றுகை போட்டார்கள், அந்தச் சமயத்தில்தான் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது. கடைசியில் 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார். இந்த நாலு வருஷக் குறிப்பையும் ஒரு தாளில் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு படியுங்கள். கூடவே துபாசி, கும்பினி, வராகன், சாவடி என்று நாலைந்து சொல்லுக்குப் பொருளும்.

அடுத்த படி போக விரும்புகிறவர்களுக்கு நாகரத்தினம் கிருஷ்ணாவின் ‘நீலக்கடல்’. 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியும் மொரீஷியஸும், இங்கிருந்து கப்பலேறிப் போனவர்களின் பாடு. செஞ்சி நாயக்கர் காலத்துக்கு அவருடைய ‘கிருஷ்ணப்ப நாயக்கர் கௌமுதி’. கடையில் கிடைக்காவிட்டால் ரோமன் ரோலண்ட் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஞாயிறு சந்தை நடக்கும்போது காந்தி வீதிப் பழைய புத்தகக் கடைகளிலும் தேடலாம், ஆனால் பழைய பிரதி வாங்கும்போது முதல் பாரம், கடைசி பாரம் (சேர்த்துத் தைத்த பக்கக் கட்டு) இரண்டும் இருக்கிறதா, பக்க எண் விடுபடாமல் வருகிறதா என்று நின்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

என்னைக் கேட்டால் வட்டத்தையே ‘மானுடம் வெல்லு’மில் தொடங்கலாம்.

கெடிலக்கரை:

தம்பி சொன்ன புத்தகங்கள் எல்லாம் கட்டாயம் வேண்டும். ஆனால் முதல் மாதத்துக்கு ஒத்துவராது. கல்கியிலும் சாண்டில்யனிலும் அத்தியாயம் முடியும்போது ஒரு கொக்கி இருக்கும், வாரப் பத்திரிகைத் தொடர் என்பதால் போன வாரம் நடந்ததை ஆசிரியரே ஞாபகப்படுத்திவிடுவார். படித்துப் பழகாதவர்களை அது இழுத்துக்கொண்டு போகும். பிரபஞ்சனிடம் ஒரு நாயகனைப் பின்தொடரும் கதை கிடையாது. ஊரே கதை, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். வாசிப்பில் கால் ஊன்றிய பிறகு அது தரும் சுவை பெரிசு. அதற்கு முன்னால் கொடுத்தால் “கதை எங்கே போகிறது” என்று கேட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

அம்மா, இப்படி வைத்துப் பாருங்கள். ஆடியில் ‘பார்த்திபன் கனவு’. ஆவணி முதல் தை வரை ஆறு மாதம் ‘பொன்னியின் செல்வன்’. ஏரிக்கரைப் பயணத்தை ஆவணி முதல் வாரங்களில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழையில் அந்தப் பக்கம் பஸ்ஸை நம்பிக் குடும்பத்தோடு போவது சிரமம். மாசியில் ‘கன்னி மாடம்’, பிள்ளைகளுக்குக் ‘கபாடபுரம்’. பங்குனி, சித்திரையில் ‘மானுடம் வெல்லும்’, வைகாசி, ஆனியில் ‘வானம் வசப்படும்’. இந்த இரண்டையும் ஒவ்வொரு மாதத்தில் அடக்கப் பார்க்காதீர்கள். ‘சிவகாமியின் சபதம்’ நாலு பாகம், இருநூற்றுக்கு மேல் அத்தியாயம், அதை அடுத்த வருஷம் முதலில் வைக்கலாம்.

மஞ்சக்குப்பம் வாசகி:

இதையே எடுத்துக்கொள்கிறேன். பிரபஞ்சன் மாதங்களில் ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்பையும் கொஞ்சம் சேர்த்துப் படிக்கலாமா, அல்லது பாரமாகிவிடுமா?

வில்லியனூர்க்காரன்:

சேர்க்கலாம் அக்கா, ஆனால் அளவாக. தமிழில் 12 தொகுதி இருக்கிறது, அதில் 1746 சென்னைச் சண்டை வரும் நாட்களை மட்டும் எடுங்கள். சென்னையைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனேயும் துய்ப்ளெக்ஸும் மோதிக்கொண்டது பிள்ளையின் கண் முன்னால் நடந்தது, படிக்கச் சுவையாக இருக்கும். எட்டுப் பத்துப் பக்கம் போதும். நாள் குறித்திருப்பது தமிழ் வருஷம், மாதக் கணக்கில் இருக்கும். குறிப்பு தொடங்கிய 1736 நள வருஷம் என்பதுபோல, ஆங்கிலத் தேதியை ஓரத்தில் எழுதிக் கொடுத்தால் நாவலோடு பொருத்திப் பார்க்க முடியும். உரைநடையில் நிறுத்தக்குறி கிடையாது, மனசுக்குள் படித்தால் தட்டும், வாய்விட்டுப் படித்தால் வாக்கியம் தானே பிரியும். ஜெராக்ஸைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கே கையில் கொடுத்தால் யாரும் நாலு வரி தாண்ட மாட்டார்கள்.